லேஸ் கட்டத் தெரியாத பத்து வயது

கேள்வி: பேரணாம்பட்டிலிருந்து தினமும் வேனில் ஆம்பூருக்கு, ஷூ கம்பெனி வேலைக்குப் போகிறேன். பதினோரு வருடமாக ஷூவின் மேல்பாகமான ‘அப்பர்’ தைக்கிறேன். புதிதாகச் சேர்ந்த ஆறு பெண்களுக்கு மெஷின் பழக்கியும் விட்டிருக்கிறேன். நாலரைக்கு எழுந்தால்தான் ஏழு மணிக்குள் வேலை முடியும். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகன் காலை நீட்டி உட்கார்ந்திருப்பான். அவனுக்கு ஷூ லேஸ் கட்டிக்கொண்டே இட்லி ஊட்டுவேன். வேன் நிற்கும் இடத்தில் என்னை இறக்கிவிட என் கணவர் வெளியே வண்டியில் உட்கார்ந்து ஹாரன் அடிப்பார். ராத்திரி வீட்டுப்பாடத்தில் கத்திவிட்டுப் பிறகு அழுகிறேன். தாய்க்கு வேண்டிய மன உறுதி வர என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், பேரணாம்பட்டு.

பதில்: மன உறுதி கிடக்கட்டும். அந்த லேஸுக்கு வருவோம்.

பத்து வயதுப் பையன் காலை நீட்டுகிறான், கப்பலேறிப் போகிற ஷூவைத் தைக்கும் கை குனிந்து முடிச்சுப் போடுகிறது. உங்களுக்கே வெட்கமாக இல்லையா?

அந்த ஆறு பெண்களை எப்படிப் பழக்கினீர்கள்? தோலில் ஊசி இறங்கினால் ஓட்டை ஓட்டைதான், துணியைப் போல மறையாது. அதனால் கழிவுத் துண்டைக் கொடுத்து ஓட்டச் சொல்லியிருப்பீர்கள். கோணலாகத் தைத்திருப்பார்கள். இன்னொரு துண்டு கொடுத்திருப்பீர்கள். ‘தள்ளு, நானே தைக்கிறேன்’ என்று நீங்கள் உட்கார்ந்திருந்தால் ஒருத்தியாவது தேறியிருப்பாளா? கம்பெனியில் வாத்தியார், வீட்டில் வேலைக்காரி! ராத்திரிக் கத்தலும் இதே வியாதிதான். அவன் கணக்கை முடிப்பதற்குள் பென்சிலைப் பிடுங்குகிறீர்கள் என்று பந்தயமே கட்டுவேன்.

என் அம்மா குடியாத்தத்தில் பீடி சுற்றியவர். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. முறத்திலிருந்து கண்ணை எடுத்தால் நஷ்டம். என் செருப்பு வார் அறுந்தால் ஓர் ஊக்கைத் தூக்கிப் போடுவார், அவ்வளவுதான். கையைக் குத்திக்கொண்டுதான் மாட்டப் பழகினேன். கல்நெஞ்சக்காரி என்று முணுமுணுத்ததும் உண்டு.

அடுத்து அந்த ஹாரன். காலை நீட்டும் மகனும் ஹாரன் அடிக்கும் கணவரும் எனக்கு ஒரே ஆளாகத்தான் தெரிகிறார்கள். நடுவில் சில வருடங்கள், அவ்வளவே. உங்கள் மாமியார் அவருக்குச் செய்ததைத்தான் நீங்கள் இவனுக்குச் செய்கிறீர்கள். நாளை ஒரு மருமகள் இதே வாசலில் இட்லித் தட்டோடு நிற்பாள், உங்களைத்தான் திட்டுவாள். அம்மா என்றால் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்பவள் என்ற பேச்சை நான் ஒருநாளும் ஏற்றதில்லை. பெற்றவர்கள் இரண்டு பேர், பிள்ளைக்கும் கை இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பழைய ஷூ ஒன்றைக் கொடுத்து அவனை உட்கார வையுங்கள். நீங்கள் எதிரே உட்காருங்கள், தொடாதீர்கள். திங்கட்கிழமை முடிச்சு அவிழ்ந்து இழுபட்டால் இழுபடட்டும், பள்ளிக்கூட வாசலில் குனிந்து மறுபடி கட்டுவான். வெளியே ஹாரன் அடித்தால், “பிள்ளை லேஸ் கட்டுகிறான், நீங்கள் உள்ளே வந்து டிபன் டப்பாவை மூடுங்கள்” என்று அவருக்குக் கேட்கும்படி சொல்லுங்கள்.