கைகால் வலி என்பது ஒரே வலியா?

கேள்வி: எனக்கு 47 வயது. காலையில் இட்லிக் கடை போடுகிறேன். இரண்டு வருடமாகக் கைகால் வலி வருவதும் போவதுமாக இருக்கிறது. ராத்திரியில் பாதம் எரிகிறது. கைவிரல் மரத்துப்போய்த் தூக்கம் கலைகிறது. மருந்துக் கடையில் பொட்டலம் வாங்கிப் போட்டால் இரண்டு நாள் சுகம், அப்புறம் பழையபடிதான். வாயு என்கிறார் கொழுந்தனார். எந்த மாத்திரை போட்டால் வலி திரும்ப வராது?
- ஒரு வாசகி, மோல்மீன், பர்மா

பதில்: அம்மா, மாத்திரையின் பெயர் எதையும் நான் சொல்லப்போவதில்லை. இரண்டு வருடம் பொட்டலம் வாங்கியிருக்கிறீர்கள். ஒருமுறைகூடச் சர்க்கரை பார்த்ததாகவோ ரத்தம் கொடுத்ததாகவோ கடிதத்தில் ஒரு வரி இல்லையே! அதுதான் எனக்கு வருத்தம்.

முதலில் அந்தப் பொட்டலம். ரங்கூனிலும் சரி, மோல்மீனிலும் சரி, நாலைந்து மாத்திரையைப் பேர் தெரியாமல் மடித்துக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. அப்படிக் கொடுப்பதில் வலி மாத்திரையோடு டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டும் பல நேரம் சேர்ந்திருக்கும். இரண்டு நாள் சுகம் அதனால்தான். அதையே மாதக்கணக்கில் விழுங்கினால் ரத்தச் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், வயிறு புண்ணாகும், முகம் உப்பும். என் அம்மா ஒரு வருடம் இப்படிச் சாப்பிட்டார். முகம் உருண்டையானதைப் பார்த்து உடம்பு தேறிவிட்டது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். ஒருநாள் பொட்டலம் தீர்ந்துபோய் நாலு நாள் போடாமல் இருந்தார். ஐந்தாம் நாள் குளியலறையில் மயங்கி விழுந்தார். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்ததால், உடம்பு தானாகச் சுரப்பதைக் குறைத்துவிட்டிருந்தது. ஆகவே நீங்கள் தினமும் போட்டுக்கொண்டிருந்தால் சட்டென்று நிறுத்தாதீர்கள். ஒரு பொட்டலத்தைப் பிரிக்காமல் அப்படியே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஸ்டீராய்டு இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

அடுத்து, ‘கைகால் வலி’ என்று சேர்த்தே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் உங்கள் கடிதத்திலேயே இரண்டு தனித்தனித் தொல்லைகள் தெரிகின்றன.

இரண்டு பாதமும் ராத்திரியில் எரிகிறதென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சர்க்கரை நோய். அது நீளமான நரம்புகளை முதலில் தாக்கும். அதனால்தான் கால்விரலில் தொடங்கி மேலே ஏறுகிறது. வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 126 அல்லது அதற்கு மேல் இருந்தால், இன்னொரு முறை சோதித்து உறுதி செய்வார்கள். சர்க்கரை சரியாக இருந்தால் பி12 வைட்டமின் பார்க்கச் சொல்லுங்கள். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கும், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கும் அது குறையும். ஆனால் ரத்தம் கொடுக்கும் முன் சத்து ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள், அளவு கூடிக் காட்டிவிடும். பி6 நீண்ட நாள் அளவுக்கு மிஞ்சிப் போனாலும் நரம்பு கெடும். இதே எரிச்சலைத்தான் தரும்.

கை விஷயம் வேறு. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்து, கையை உதறினால் சரியாகிறதா? அப்படியானால் மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது. மாவு ஆட்டுவதும் பாத்திரம் தேய்ப்பதுமாக நாள் முழுக்க மணிக்கட்டு மடங்குகிற வேலை உங்களுக்கு. சர்க்கரையும் தைராய்டு குறைவும் இதைக் கூட்டும். அதனால் தைராய்டையும் பார்த்துவிடுங்கள். ராத்திரி மட்டும் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை கட்டிப் படுத்தாலே பலருக்குக் குறைகிறது.

இந்தப் பத்தி உங்களுக்கு மட்டுமல்ல, வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் எல்லாருக்கும். கால் கனத்து, கெண்டைக்கால் தொட்டால் வலித்து, பாதம் வீங்கினால் பி1 குறைவாக இருக்கலாம். பெரிபெரி என்பது அதுதான். நூறு வருடத்துக்கு முன் மலாயாவில் தீட்டிய பச்சரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளிகள் பெரிபெரியில் மடிந்தார்கள். புழுங்கலரிசி சாப்பிட்ட நம் தமிழ்த் தொழிலாளிகளுக்கு அது அரிதாகவே வந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அந்தப் பழக்கத்தைப் பர்மாவில் விட்டுவிட்டோம். வெள்ளைப் பச்சரிசியை நாலு தண்ணீரில் கழுவி, கஞ்சியையும் வடித்துக் கொட்டுகிறோம். பிரசவமானவளுக்குப் பத்தியம் என்று வெறும் சோறு போடுகிறோம். தாய்க்குக் கால் வலி, அவள் பாலைக் குடிக்கும் கைக்குழந்தைக்கோ உயிரே போகலாம். இந்த நாட்டில் இது இன்னும் நடக்கிறது. பயறு, பருப்பு, வேர்க்கடலை, முட்டை கொடுங்கள். கஞ்சியைக் கொட்டாமல் சோறாக்குங்கள்.

வாயு என்று கொழுந்தனார் சொல்வதை நான் ஏற்கவில்லை. வயிற்று வாயு பாதத்துக்கு இறங்கி எரியாது. அவர் சுருட்டுப் பிடிப்பவராக இருந்தால் ஒன்று கேளுங்கள்: கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்து இழுத்து, நின்றால் விடுகிறதா? ஆமென்றால் காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டிருக்கலாம். அவரும் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

மற்றவை சுருக்கமாக. காலையில் கைமூட்டுகள் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தால் முடக்குவாதத்துக்குப் பார்க்க வேண்டும். சிக்குன்குன்யா வந்து போனபின் மாதக்கணக்கில் மூட்டு வலிக்கலாம். இடுப்பிலிருந்து ஒரு காலுக்கு மின்சாரம் போல இறங்கினால் முதுகெலும்பில் நரம்பு அழுந்தலாம்.

சிலவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென்று வீங்கி வலிப்பது, நெஞ்சு அழுத்தத்தோடு வியர்த்து இடக்கை வலிப்பது, ஒரு கையோ காலோ சட்டென்று சோர்ந்துபோவது, இவை எதுவானாலும் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கடையை ஒருநாள் மூடினால் வருமானம் போகும் என்று தயங்குவீர்கள், தெரியும். வெறும் வயிற்றுச் சர்க்கரைச் சோதனையை விடியற்காலையில் கொடுத்துவிட்டு அடுப்புப் பற்றவைக்கலாம். இந்த வாரமே போங்கள். முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.