ஈறில் ரத்தம் வருவதற்கும் சர்க்கரை குறையாததற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. எங்கள் வீட்டிலேயே பார்த்தேன்.

அப்பாவுக்கு 61 வயது. மாத்திரையை ஒரு வேளைகூட விடமாட்டார், ஆனாலும் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரி (HbA1c) 8.6. மாத்திரையைக் கூட்டுவதற்கு முன்னால் டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னார். கீழ்ப்பல் வரிசையின் உள்பக்கம் முழுக்கக் காரை. கொய்யாப்பழம் கடித்தால் பழத்தில் சிவப்பாகத் தடம் விழும். "அழுத்திக் கடிச்சிட்டேன்" என்பார். நாங்களும் அதை நம்பினோம்.

ஈறு நோய் முற்றினால் பல்லைச் சுற்றி உள்ளே புண்ணாகியிருக்கும் பரப்பு மொத்தம் 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர் வரை வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சர்க்கரைக்காரர் ஒருவருக்குக் காலில் அவ்வளவு பெரிய புண் இருந்தால் சும்மா விடுவோமா? அந்தப் புண்ணிலிருந்து கிருமிகளும் அழற்சிப் பொருள்களும் ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும். அழற்சி இருந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. சர்க்கரை ஏறினால் ஈறும் ஆறாது.

குடலுக்கும் இதில் பங்கு உண்டு. ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் அளவுக்கு எச்சில் விழுங்குகிறோம், அதோடு வாய்க் கிருமிகளும் போகின்றன. பெரும்பாலானவை வயிற்று அமிலத்திலேயே செத்துவிடும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைத் தினமும் போடுகிறவர்களின் குடலில் அவை கூடுதலாகத் தென்படுகின்றன. குடலிலேயே குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்களோ கீரை, பயறு, கொண்டைக்கடலையின் நார்ச்சத்தைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் என்ற அமிலத்தைத் தருகின்றன. குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் முக்கிய எரிபொருள், அழற்சியையும் தணிக்கும். இதற்காகப் பழைய சோறு ஒன்றே போதும் என்று சுற்றும் வாட்ஸ்அப் செய்தியை சர்க்கரைக்காரர்கள் நம்ப வேண்டாம், அதுவும் சோறுதான்.

க்ளீனிங் செய்தால் பல் ஆடும் என்று அப்பா ஒரு மாதம் இழுத்தடித்தார். காரையை எடுத்ததும் பல் லேசாக ஆடுவதுபோல் தெரிவது உண்மைதான். ஈறு ஏற்கெனவே விட்டுப்போயிருக்கும், அதுவரை காரை முட்டுக்கொடுத்திருக்கும், அவ்வளவுதான்.

ஈறுக்கு அடியில் சுத்தம் செய்தால் மூன்று நான்கு மாதத்தில் அந்தச் சராசரி சுமார் 0.4 குறைவதாக பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் கோக்ரேன் அமைப்பின் 2022 தொகுப்பாய்வு சொல்கிறது. அப்பாவுக்கு 7.9க்கு வந்தது. ஆனால் அதே மூன்று மாதம் சாயங்கால பஜ்ஜியையும் விட்டிருந்தார். இதில் பல் டாக்டருக்கு எவ்வளவு, பஜ்ஜிக்கு எவ்வளவு என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.