பாதியில் இறங்கலாமா? ரயில் டிக்கெட் சந்தேகங்கள்

கேள்வி: சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு எடுத்த டிக்கெட்டில் மதுரையில் இறங்கி, இரண்டு நாள் கழித்துத் தொடரலாமா?

பதில்: கூடாது. புறப்பட்ட இடத்திலிருந்து 500 கி.மீ. தாண்டிய பிறகே முதல் இடைநிறுத்தம். மதுரை அதற்குச் சற்று முன்னாலேயே வந்துவிடுகிறது! விருதுநகரிலோ திருநெல்வேலியிலோ இறங்கலாம். வந்த நாளும் கிளம்பும் நாளும் போக, இரண்டு நாள் தங்கலாம். இறங்கியதும் நிலைய அதிகாரியிடம் டிக்கெட்டில் குறிப்பு எழுதி வாங்குங்கள். 1,000 கி.மீ.க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு இரண்டு நிறுத்தம் உண்டு. ராஜதானி, சதாப்தியில் இந்தச் சலுகை கிடையாது. அடுத்த ரயிலின் இருக்கையையும் முன்பதிவின்போதே கவுன்ட்டரில் கேட்டுவிடுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

கேள்வி: சென்னை, பெங்களூரு, மும்பை, டெல்லி, கொல்கத்தா பார்த்துவிட்டுச் சென்னைக்கே திரும்ப, ஐந்து டிக்கெட் எடுக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம், சுற்றுப் பயண டிக்கெட் ஒன்றே போதும். எட்டு இடம் வரை இறங்கலாம். தூரம் கூடக் கூட கி.மீ.க்கான கட்டணம் குறையும் என்பதால் தனித்தனி டிக்கெட்டைவிட இது மலிவு. மொத்தம் 6,000 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், 3,000 கி.மீ. கொண்ட இரண்டு ஒருவழிப் பயணங்களுக்கான கட்டணம்தான். முன்பதிவுக் கட்டணம் ஒவ்வொரு ரயிலுக்கும் தனி.

இது இணையத்தில் கிடைக்காது. வழித்தடத்தை எழுதி, கோட்ட வணிகப் பிரிவு அலுவலகத்திலோ பெரிய நிலையத்திலோ கொடுங்கள். கட்டணம் கணக்கிட்டுத் தருவார்கள். அதைக் காட்டி டிக்கெட் வாங்கிய பிறகு, ஒவ்வொரு ரயிலுக்கும் முன்பதிவு செய்ய வேண்டும்.