டீம் ஒரு கான்ஃபரன்ஸ் மாறினா நம்ம பில் ஏன் மாறுது? காலேஜ் ஃபுட்பால் கேள்வி-பதில்

கேள்வி (சியாட்டில்): அண்ணா, நான் யூனிவர்சிட்டி ஆஃப் வாஷிங்டன்ல படிச்சவன், ஹஸ்கீஸ் மேட்ச் ஒண்ணு விட மாட்டேன். டீம் பிக் டென் கான்ஃபரன்ஸுக்கு (காலேஜ் டீம்கள் சேர்ந்து ஆடற ஒரு லீக்) போனதுல இருந்து ஒரு வாரம் ஃபாக்ஸ் சேனல்ங்கறான், ஒரு வாரம் என்பிசியோட பீகாக் ஆப்ங்கறான், இன்னொரு வாரம் பிக் டென் நெட்வொர்க்ங்கறான். யூட்யூப் டிவிக்கு மாசம் 82.99 டாலர் கட்டறேன், பத்தாததுக்கு ஈஎஸ்பிஎன் ஆப் 29.99க்கு எடுக்கலாமான்னு கேட்டா வீட்ல முறைக்கிறாங்க. என்னதான் வாங்கணும்?

பதில்: வீட்ல முறைக்கிறது நியாயம்தான் தம்பி. யூட்யூப் டிவியிலயே ஈஎஸ்பிஎன் வருது, அதுக்கு மேல ஆப்புக்குத் தனியா கட்டினா ஒரே சேனலுக்கு ரெண்டு தடவை காசு. அதை முதல்ல விடுங்க.

இந்தக் குழப்பம் எங்க ஆரம்பிச்சுதுன்னு தெரிஞ்சா எதை வாங்கறதுன்னு தானா புரிஞ்சிடும். உங்க டீம் முன்னாடி இருந்தது பேக் 12 கான்ஃபரன்ஸ்ல. 1915ல ஆரம்பிச்ச பசிபிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்தான் அதுக்கு மூலம், அவ்வளவு பழைய வீடு. 2022 ஜூன் கடைசியில அதுல இருந்த லாஸ் ஏஞ்சலஸ் காலேஜுங்க யூஎஸ்சியும் யூசிஎல்ஏவும் பிக் டென்னுக்குப் போறோம்னு சொல்லிட்டாங்க, அதுக்கப்புறம் மிச்சம் இருந்தவங்களுக்கு நல்ல டிவி டீல் அமையல, ஆப்பிள் கொடுத்த ஆஃபரும் எத்தனை பேர் சப்ஸ்கிரைப் பண்றாங்களோ அதைப் பொறுத்து காசுங்கற மாதிரி இருந்துச்சு. 2023 ஆகஸ்ட் 4 அன்னிக்கு ஓரிகனும் உங்க வாஷிங்டனும் பிக் டென்னுக்கு, அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூணும் பிக் 12ங்கற இன்னொரு கான்ஃபரன்ஸுக்கு, ஒரே நாள்ல காலி. பிக் டென் அதுக்கு முந்தின வருஷமே ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி மூணு பேர்கிட்டயும் 7 வருஷத்துக்கு 700 கோடி டாலருக்கு மேல பேசி முடிச்சிருந்துச்சு. அவ்வளவு கொடுத்தவன் அதை வேற எங்க போய் எடுப்பான், நம்மகிட்டதான்.

இப்போ ஒரே ஒரு ரூல் ஞாபகம் வச்சுக்கோங்க. மேட்ச் யார் கிரவுண்ட்ல நடக்குதோ, அந்த டீமோட கான்ஃபரன்ஸ் எந்த சேனலோட டீல் போட்டிருக்கோ அங்கதான் மேட்ச் வரும், விசிட்டிங் டீம் எவ்வளவு பெரிய டீமா இருந்தாலும் சரி. 2025 ஆகஸ்ட் 30 டெக்சாஸ் போய் ஒஹையோ ஸ்டேட்ட அவங்க ஊர்ல ஆடினாங்க, ஒஹையோ ஸ்டேட் பிக் டென், அதனால ஃபாக்ஸ்ல வந்துச்சு. அடுத்த வாரமே மிச்சிகன் ஓக்லஹோமா போய் ஆடினாங்க, ஓக்லஹோமா இப்போ எஸ்இசிங்கற கான்ஃபரன்ஸ், அதனால ஏபிசி. எஸ்இசி மொத்தமும் 2024ல இருந்து டிஸ்னி கையில, அதாவது ஏபிசி, ஈஎஸ்பிஎன், எஸ்இசி நெட்வொர்க். அதனால சப்ஸ்கிரிப்ஷன் வாங்கறதுக்கு முன்னாடி உங்க டீம் ஷெட்யூல எடுத்து வச்சு எந்த மேட்ச் யார் கிரவுண்ட்லன்னு பாருங்க, விளம்பரத்தைப் பாக்காதீங்க.

உங்களுக்கு நான் சொல்றது இதுதான். ஒரு ஆன்டெனா வாங்குங்க, ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி, ஏபிசி நாலும் ஓசி, மாசக் கட்டணமே கிடையாது (உங்க ஏரியாவுல சிக்னல் எப்படின்னு எஃப்சிசிங்கற அரசு அமைப்போட சைட்ல மேப் இருக்கு, பாத்துட்டு வாங்குங்க, கடைக்காரன் சொல்ற மைல் கணக்கை நம்பாதீங்க). ஃபாக்ஸோட ஸ்போர்ட்ஸ் சேனல் எஃப்எஸ்1, பிக் டென் நெட்வொர்க் ரெண்டுக்கும் ஃபாக்ஸ் ஒன் ஆப், 2025 ஆகஸ்ட்ல 19.99னு ஆரம்பிச்சாங்க. பீகாக் 10.99, அதை சீசன் முழுக்க வச்சிருக்கத் தேவையில்ல, உங்க மேட்ச் அதுல மட்டும் வர்ற மாசத்துக்கு எடுத்தா போதும். சீசன் மூணு மாசமும் ஃபாக்ஸ் ஒன், பீகாக் ரெண்டையும் வச்சிருந்தாகூட 93 டாலர் வருது, யூட்யூப் டிவி அதே மூணு மாசத்துக்கு 249. ஹஸ்கீஸ் ப்ளேஆஃப் (சாம்பியன் யாருன்னு முடிவு பண்ற கடைசி சுற்று) போனா மட்டும் டிசம்பர்ல ஈஎஸ்பிஎன் எடுங்க, ஏன்னா ப்ளேஆஃப் பெரும்பாலும் அவங்ககிட்டதான். எதை எடுத்தாலும் எடுத்த அன்னிக்கே கேன்சல் போட்டுடுங்க, கட்டின மாசம் முடியற வரைக்கும் ஓடும். வருஷ ப்ளான்னு ஆசை காட்டுவாங்க, பிப்ரவரியில எந்த ஃபுட்பால் பாக்கப் போறீங்க?

கேள்வி (ஃப்ரிஸ்கோ, டெக்சாஸ்): எங்க டல்லஸ் பக்கத்து யூனிவர்சிட்டி எஸ்எம்யூ, ஏசிசி கான்ஃபரன்ஸுக்கு வந்ததுல இருந்து என் வீட்டுக்காரர் சீசன் டிக்கெட் சீசன் டிக்கெட்னு ஒரே பாட்டு. நல்ல சீட் வேணும்னா டொனேஷன் வேற கட்டணும், ஆனா டாக்ஸ்ல கழிச்சுக்கலாம்னு அவர் ஆபீஸ்ல யாரோ சொன்னாங்களாம். நிஜமா அண்ணா?

பதில்: நிஜம் இல்லம்மா, பழைய கதை. முன்னாடி சீட்டுக்காக காலேஜுக்குக் கொடுக்கற டொனேஷன்ல 80 சதவீதம் கழிச்சுக்கலாம்னு இருந்துச்சு, 2017ல வந்த வரிச் சட்டத்துல அதை எடுத்துட்டாங்க, 2018ல இருந்து சீட்டுக்குன்னு கொடுத்தா ஒரு பைசா கழிவு கிடையாது. அதனால டொனேஷனையும் டிக்கெட் விலையாவே கூட்டி, அதை ஹோம் மேட்ச் எண்ணிக்கையால வகுத்துப் பாருங்க, ஒரு மேட்ச்சுக்கு எவ்வளவுன்னு வரும். அந்த நம்பர வீட்டுக்காரர்கிட்ட காட்டுங்க.

உங்க ஊர் எஸ்எம்யூ கதையும் சுவாரஸ்யமானது. ஏசிசிக்குள்ள வரணும்னு 9 வருஷம் கான்ஃபரன்ஸ் டிவி பங்கே வேணாம்னு சொல்லி 2024ல உள்ள வந்தாங்க. அவங்களோட சேர்ந்து வந்த ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியா யூனிவர்சிட்டியும் (பெர்க்லி) 30 சதவீத பங்குலதான் ஆரம்பிச்சாங்க. டிவி காசு இல்லாதப்போ அந்த ஓட்டைய வசதியான பழைய மாணவர்கள்தான் அடைக்கணும். முதல் வருஷமே ப்ளேஆஃப் வரைக்கும் போய்ட்டாங்க, அதனால டிமாண்டுக்குக் குறைவிருக்காது.

இது எஸ்எம்யூ மட்டும் இல்ல, 2025 ஜூலையில இருந்து காலேஜே ப்ளேயர்ஸுக்கு நேரா காசு கொடுக்கலாம்னு ஆயிடுச்சு, முதல் வருஷம் ஒரு காலேஜுக்கு 2 கோடி டாலருக்கு மேல வரைக்கும். டென்னசி யூனிவர்சிட்டி அதுக்கு முன்னாடியே ப்ளேயர்ஸுக்குக் கொடுக்கன்னு டிக்கெட்ல 10 சதவீதம் டேலன்ட் ஃபீ போட்டுட்டாங்க. ரினியூவல் பேப்பர் வந்தா கடைசி வரி வரைக்கும் படிங்க. ஒரு நல்ல விஷயம், 2025 மே மாசத்துல இருந்து டிக்கெட் விக்கிறவங்க கட்டாய ஃபீ எல்லாம் சேர்த்த விலையதான் முதல்லயே காட்டணும்னு எஃப்டிசி (நுகர்வோர் பாதுகாப்பைப் பாக்கற அரசு அமைப்பு) ரூல் இருக்கு, கடைசி ஸ்க்ரீன்ல வந்து விலை ஏறுச்சுன்னா ஸ்க்ரீன்ஷாட் எடுத்து கம்ப்ளெயின்ட் போடுங்க.

வெளியூர் மேட்ச்சுக்கு ஃப்ளைட் போடறதா இருந்தா கொஞ்சம் பொறுங்க. நிறைய மேட்ச்சுக்கு ஆரம்பிக்கற நேரத்தை டிவிக்காரன் 12 நாள் முன்னாடிதான் சொல்றான், சில சமயம் 6 நாள். ஏசிசி இப்போ கலிஃபோர்னியா வரைக்கும் நீளுது, ராத்திரி மேட்ச் ஆயிடுச்சுன்னா ஞாயித்துக்கிழமை காலை ஃப்ளைட்டுக்குத் தூக்கமே இருக்காது, ரீஃபண்ட் இல்லாத டிக்கெட்னா போச்சு.

கேள்வி (எடிசன், நியூ ஜெர்சி): எங்க வீட்ல யாரும் அமெரிக்கன் ஃபுட்பால் பாக்கறதில்ல, கிரிக்கெட்தான். கேபிள் பேக்ல பிக் டென் நெட்வொர்க் எதுக்கு?

பதில்: பக்கத்துல இருக்கற ரட்கர்ஸ் யூனிவர்சிட்டிக்காக சார். 2014ல ரட்கர்ஸையும் மேரிலாண்டையும் பிக் டென் சேர்த்ததுக்குக் காரணம் அவங்க ஆட்டத் திறமைன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. ஒரு ஸ்டேட்ல மெம்பர் காலேஜ் இருந்தா அந்த ஸ்டேட் கேபிள்காரன்கிட்ட அந்த சேனலுக்கு ஒரு வீட்டுக்கு இவ்வளவுன்னு கூடுதலா கேக்கலாம், நியூயார்க் பக்கத்துல எத்தனை வீடுன்னு யோசிச்சுப் பாருங்க. நீங்க பாத்தாலும் பாக்கலேன்னாலும் அது பில்லுக்குள்ள இருக்கு. கேபிளுக்கு ஃபோன் போட்டு ஸ்போர்ட்ஸ் இல்லாத பேக் இருக்கான்னு கேளுங்க, அவங்களா சொல்ல மாட்டாங்க.

கேள்வி (ப்ளேனோ): 2025 நவம்பர்ல யூட்யூப் டிவியில ஈஎஸ்பிஎன் காணாம போச்சே, மறுபடி அப்படி ஆனா காசு திரும்ப வருமா?

பதில்: அக்டோபர் 30 ராத்திரி போய் நவம்பர் 14தான் வந்துச்சு, நடுவுல ரெண்டு சனிக்கிழமை போச்சு. 20 டாலர் கிரெடிட் கொடுத்தாங்க, ஆனா தானா வந்து விழல, அக்கவுன்ட்டுக்குள்ள போய் க்ளெய்ம் பண்ண வேண்டியிருந்துச்சு. அடுத்த தடவை சேனல் போன அன்னிக்கே சாட்ல கேளுங்க, ஏபிசிக்கு ஆன்டெனா கைவசம் வச்சுக்கோங்க.

கேள்வி (போர்ட்லேண்ட்): பேக் 12 லோகோ போட்ட ஜாக்கெட் கிளியரன்ஸ்ல கிடைக்குது. கான்ஃபரன்ஸே போன பிறகு வாங்கினா சிரிப்பாங்களா?

பதில்: கான்ஃபரன்ஸ் போகல. ஓரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் ரெண்டே பேரா நின்னு அந்தப் பேரக் காப்பாத்தி வச்சிருக்காங்க, 2026ல பாய்சி ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட், டெக்சாஸ் ஸ்டேட் எல்லாம் அதுல சேரறாங்க. தையலும் ஜிப்பும் நல்லா இருந்தா வாங்கிடுங்க. கிளியரன்ஸ் ஐட்டத்துக்கு ரிட்டர்ன் உண்டான்னு மட்டும் பில் போடறதுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க.