மார்கழியில் எதை விடுவது, யார் முறை வைப்பது

அன்புள்ள ஆசிரியருக்கு,

நானும் மனைவியும் கோவையில் வேலை பார்க்கிறோம். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். வாரத்தில் நான்கைந்து இரவு ஆர்டர் செய்துதான் சாப்பிடுகிறோம். புரட்டாசியில் எல்லாவற்றையும் நிறுத்திப் பார்த்தோம். இரண்டாவது வாரத்திலேயே சண்டையாகிவிட்டது. வரும் மார்கழியில் மறுபடி முயலலாம் என்றிருக்கிறோம். எங்கள் பட்டியல்: வெளிச் சாப்பாடு, சர்க்கரை, காபி, சாயங்கால நொறுக்குத்தீனி, ஓடிடி, ஏசி. ஆறையும் முதல் தேதியே விடுவதாக முடிவு. ராத்திரி சமையலை மனைவி பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். நான் கூடமாட உதவுவேன். இது தேறுமா? நடுவில் விருந்தாளி வந்தால் என்ன செய்வது?

ர., கோவை

அன்புள்ள ர.,

தேற வேண்டுமென்றால் இரண்டு மாற்றம் வேண்டும். ஆறு என்பது அதிகம். அதைவிட முக்கியம், 'ராத்திரி சமையலை மனைவி பார்த்துக்கொள்வாள்' என்ற ஏற்பாடு. புரட்டாசியில் சண்டை வந்ததும் பெரும்பாலும் இதனால்தான் இருக்கும். வீட்டில் ஒரு சொகுசை நிறுத்தினால் அந்த இடத்தில் ஒரு வேலை வந்து நிற்கும். ஆர்டர் செய்வதை விட்டால் சமையலும் பாத்திரமும் வரும். பாக்கெட் மிக்சரை விட்டால் கடலை ஊறவைக்க வேண்டும். விடுவது இருவரும், வேலை ஒருவருக்கு என்றால் அது கூட்டு விரதமே இல்லை. பத்து நாளில் அவருக்கு அலுத்துவிடும், அலுத்தால் நியாயம்தான்.

முதலில் பட்டியலைச் சுருக்குவோம். ஏசியை அடித்துவிடுங்கள். மார்கழிக் குளிரில் கோவையில் ஏசியை விடுவதில் விடுவதற்கு என்ன இருக்கிறது? அதைச் சித்திரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் ஐந்தில் வெளிச் சாப்பாடும் நொறுக்குத்தீனியும் இருவருக்கும் பொதுவாக இருக்கட்டும். அதற்கு மேல் ஆளுக்கு ஒன்று, அவரவருக்கு உண்மையிலேயே வலிக்கிற ஒன்று. சர்க்கரை ஒருவருக்கு, ஓடிடி இன்னொருவருக்கு என்று பிரிந்தாலும் பரவாயில்லை. அடுத்தவர் எதை விட வேண்டும் என்று நீங்கள் சொல்லக்கூடாது, அவரும் சொல்லக்கூடாது.

மார்கழியைத் தேர்ந்ததில் ஒரு லாபம் உண்டு. தமிழ் மாதங்களிலேயே குறுகிய மாதம் அது, பெரும்பாலும் 29 நாள். ஜனவரி முதல் வாரத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகே இருப்பதால் வேகமாக நகர்கிறது, அதனால் சூரியன் தனுர் ராசியைச் சீக்கிரம் கடந்துவிடுகிறது. ஆனால் கண்ணிகளும் இந்த மாதத்தில்தான் ஜாஸ்தி. டிசம்பர் 25-ல் ஆபீஸ் கேக், ஜனவரி 1 பார்ட்டி, ஆருத்ரா தரிசனத்தன்று திருவாதிரைக் களி, 27-ம் நாள் கூடாரவல்லிக்கு அக்காரவடிசல். களியும் அக்காரவடிசலும் வெல்லம்தானே, சேருமா சேராதா என்று அன்று காலையில் விவாதம் வைத்தால் கட்டாயம் மனஸ்தாபம் வரும். விதிவிலக்குகளை முதல் தேதிக்கு முன்பே காகிதத்தில் எழுதிவிடுங்கள். என் பரிந்துரை: பிரசாதம், பிறர் வீட்டு விருந்து, உடம்புக்கு முடியாத நாள், வெளியூர்ப் பயணம், இந்த நான்கும் விலக்கு. ஆபீஸ் கேக் விலக்கில்லை.

இனி வெளிச் சாப்பாடு. இதுதான் பெரிய வேலை. நாக்கு ருசியைக் கேட்பதால் மட்டும் யாரும் ஆர்டர் செய்வதில்லை. ராத்திரி எட்டு மணிக்கு வீட்டில் தயாராக ஒன்றும் இல்லை என்பதுதான் முக்கால்வாசிக் காரணம். அந்த எட்டு மணிக்கு இரண்டு பொருள் எப்போதும் கைவசம் இருக்க வேண்டும்: மாவு, புளிக்காய்ச்சல்.

கிரைண்டருக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு கடை மாவு வாங்க வேண்டாம். நாலு டம்ளர் இட்லி அரிசி, ஒரு டம்ளர் முழு உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம். இருவருக்கு வாரத்தில் நாலைந்து வேளை ஓடும். அரிசி நாலு மணி நேரம் ஊறட்டும், உளுந்தும் வெந்தயமும் ஒரு மணி நேரம் போதும். உளுந்தை முதலில் போட்டு, குளிர்ந்த தண்ணீரைத் தெளித்துத் தெளித்து 25 நிமிஷமாவது ஆட்டுங்கள். ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும், அதுதான் பதம். தண்ணீரை மொத்தமாக ஊற்றினால் உளுந்து காணாது, இட்லி தட்டையாகிவிடும். அரிசியைச் சன்ன ரவைப் பதத்தில் வழித்து, இரண்டையும் கையால் கலந்து வையுங்கள்.

மார்கழியில் எல்லோரும் இடறுவது இங்கேதான். மற்ற மாதத்தில் எட்டு மணி நேரத்தில் பொங்கும் மாவு, குளிருக்குப் பன்னிரண்டு, பதினான்கு மணி நேரம்கூடக் கேட்கும். காலையில் பொங்கவில்லையே என்று ஃப்ரிட்ஜில் தூக்கி வைத்தால் அதோடு முடிந்தது. அரிசியை ஆட்டும்போது கடைசியாக விடும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். உப்பு புளிப்பை மெதுவாக்கும், அதனால் குளிர்காலத்தில் பொங்கிய பிறகு போட்டால் நல்லது. பாத்திரத்தை ஒரு துண்டால் சுற்றி அடுப்பு மேடை மூலையில் வையுங்கள். பொங்கியதும் இரண்டு டப்பாவாகப் பிரித்து ஃப்ரிட்ஜில் வைத்தால், ஒன்றைத் திறந்து மூடுவதில் மற்றது கெடாது. முதல் இரண்டு நாள் இட்லி, பிறகு தோசை, நாலாம் நாள் புளிப்பேறினால் வெங்காயம் போட்டு ஊத்தப்பம் அல்லது பணியாரம்.

மாவாட்டுவதில் பாதி வேலை கிரைண்டரைக் கழுவுவது. குழவியைக் கழற்றி, அச்சைச் சுற்றி ஒட்டிய உளுந்தை விரலால் வழித்து, கல்லின் அடியில் தண்ணீர் விட்டு ஓட்டிக் கழுவி, கவிழ்த்து வைக்க வேண்டும். அரை மணி நேரம் தள்ளிப்போட்டால் காய்ந்த மாவு சிமென்ட் மாதிரி பிடித்துக்கொள்ளும். இந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை மாவு, ஊறவைப்பது முதல் குழவியைக் கவிழ்ப்பது வரை, உங்கள் பொறுப்பு.

புளிக்காய்ச்சல் மாதத்துக்கு இருமுறை செய்தால் போதும். 100 கிராம் புளியை 400 மில்லி வெந்நீரில் அரை மணி ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்து வடிகட்டுங்கள். இரண்டு மேசைக்கரண்டி தனியா, நாலு வற்றல் மிளகாய், அரை டீஸ்பூன் வெந்தயம், மூன்றையும் தனித்தனியே வெறும் வாணலியில் வறுத்துப் பொடியுங்கள். வெந்தயம் பொன்னிறத்தைத் தாண்டிக் கருகினால் மொத்தமும் கசக்கும், அதற்கு மாற்றே கிடையாது. 100 மில்லி நல்லெண்ணெயில் கடுகு, இரண்டு மேசைக்கரண்டி கடலைப்பருப்பு, பத்து வற்றல் மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, மஞ்சள்தூளும் ஒன்றரை மேசைக்கரண்டி கல்லுப்பும் சேர்த்துப் புளியை ஊற்றுங்கள். சிறு தீயில் எண்ணெய் ஓரத்தில் பிரியும் வரை கொதிக்கட்டும், 20 முதல் 25 நிமிஷம் ஆகும். கடைசியில் பொடியைத் தூவி இறக்குங்கள். அவசரப்பட்டு இறக்கினால் தண்ணீர் நின்று பூஞ்சை பிடிக்கும். ஈரக் கரண்டி போட்டாலும் அதே கதிதான். ஆறியதும் கண்ணாடி பாட்டிலில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் தாராளமாக வரும். வேர்க்கடலையை உள்ளே போட்டுவிட வேண்டாம், நமத்துப்போகும். சாதம் பிசையும்போது வறுத்துச் சேருங்கள்.

இரவுகளை முறை வைத்துப் பிரியுங்கள். மூன்று இரவு அவர், மூன்று இரவு நீங்கள், ஞாயிறு இருவரும். உங்கள் முறையென்றால் என்ன செய்வது என்று யோசிப்பதிலிருந்து கடைசிப் பாத்திரத்தைக் கவிழ்ப்பது வரை உங்களுடையது. 'என்ன செய்யட்டும் சொல்லு' என்று அவரிடம் போய் நிற்கக்கூடாது. யோசிப்பதும் வேலைதான், வெங்காயம் நறுக்குவதைவிட அதுதான் களைப்பு. சமையல் அவ்வளவாக வராது என்றால் மூன்று இரவுக்குத் தோசையும் பொடியும், புளிசாதமும் அப்பளமும், ரவை உப்புமா போதும். உப்புமாவுக்கு ஒரு டம்ளர் வறுத்த ரவைக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது ரவையை மழைச்சாரலாகத் தூவிக் கிளற வேண்டும். கொதிக்காத தண்ணீரில் கொட்டினால்தான் கட்டி விழுகிறது.

ஆப்பை இருவர் போனிலிருந்தும் எடுத்துவிடுங்கள். எடுப்பதற்கு முன் ஒரு காரியம்: கடந்த மூன்று மாத ஆர்டர்களைக் கூட்டி மூன்றால் வகுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டின் விலையோடு 5 சதவீத ஜிஎஸ்டி, பேக்கிங், டெலிவரி, பிளாட்ஃபார்ம் கட்டணம் எல்லாம் சேர்ந்த தொகை அது. அதில் மளிகைக்குக் கூடுதலாக ஆவதைக் கழித்து, மிச்சத்தை ஞாயிறுதோறும் தனியாக எடுத்து வையுங்கள். எதற்குச் செலவழிப்பது என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். மெம்பர்ஷிப் இருந்தால் ஆப்பை நீக்குவதால் மட்டும் நிற்காது. யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய் ரத்து செய்ய வேண்டும். ஓடிடிக்கும் இதே வழிதான். தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த மெசேஜைத்தான் நாம் படிக்காமல் தள்ளிவிடுகிறோம்.

சர்க்கரைக்கும் காபிக்கும் வருகிறேன். இரண்டையும் ஒரே நாளில் விடவே வேண்டாம். காபியைத் திடீரென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி தொடங்கும், முதல் இரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும், சிலருக்கு ஒன்பது நாள்வரை இழுக்கும். கூடவே எரிச்சலும் சோர்வும். இருவரும் ஒரே நாளில் நிறுத்தினால் மூன்றாம் நாள் வீட்டில் யார் யாரைத் தாங்குவது? காபியை விடத்தான் வேண்டும் என்றால் இப்போதே தொடங்கி, மூன்று நாளுக்கு ஒருமுறை கால் பங்கு குறையுங்கள். சிக்கரியில் கஃபீன் கிடையாது, அதனால் 80:20 பொடியிலிருந்து 60:40-க்கு மாறுவதும் ஒரு படிதான்.

சர்க்கரையை மட்டும் விட்டு காபியை வைத்துக்கொள்வது என் கணக்கில் நல்ல தேர்வு. ஒரு டீஸ்பூன் சுமார் 5 கிராம். கப்புக்கு இரண்டு ஸ்பூன், ஆளுக்கு மூன்று கப் என்றால் நாளுக்கு ஆளுக்கு 30 கிராம், இருவருக்கும் மாதத்தில் ஒன்றேமுக்கால் கிலோ. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது, சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளில் மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்குள், முடிந்தால் ஐந்துக்குள், அதாவது சுமார் 25 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்று. உங்களுக்குக் காபியே அதைத் தாண்டிவிடுகிறது. நாட்டுச் சர்க்கரைக்கும் தேனுக்கும் மாறுவது விடுவதாகாது. போதாததற்குக் கொதிக்கும் பாலில் வெல்லம் போட்டால் திரியவும் செய்யும்.

சர்க்கரை இல்லாத காபி பிடிக்கவில்லை என்பவர்கள் பெரும்பாலும் பழைய டிகாக்‌ஷனைக் குடிப்பவர்கள். இருவருக்கு மூன்று மேசைக்கரண்டி பொடி, லேசாக அழுத்தி, கொதித்து இறக்கிய தண்ணீர் 150 மில்லி. இறுக்கி அமுக்கினால் இறங்காது, அமுக்காமலே விட்டால் நீர்த்துப் போகும். கால் மணியில் இறங்கிய முதல் டிகாக்‌ஷனைப் புதிதாகக் காய்ச்சிய பாலில் உடனே கலந்து குடியுங்கள். காலையில் இறக்கியதைச் சாயங்காலம் சூடாக்கினால் சர்க்கரை இதுவரை மறைத்த கசப்பு முழுதாகத் தெரியும்.

நொறுக்குத்தீனிக்குச் சுருக்கமாக: ஆறு மணிப் பசி நிஜமான பசி, அதைத் திட்டிப் பயனில்லை. காலையில் கிளம்பும்போது 100 கிராம் கறுப்புக் கொண்டைக்கடலையை ஊறப்போடுங்கள், வந்ததும் ஐந்தாறு விசில். சமைக்க முடியாத நாளுக்குப் பொட்டுக்கடலை. மாதம் பிறக்கும் முன் மிக்சர் டின்னைக் காலி செய்துவிடுங்கள். கண்ணில் படும் டின் இரண்டு பேரில் ஒருவரையாவது கவிழ்க்கும்.

யாராவது தவறினால்? தவறியவரே சமையலறைக் காலண்டரில் அந்தத் தேதியில் ஒரு புள்ளி வைக்கட்டும். மற்றவர் கேட்கவும் கூடாது, சாயங்காலம் வாயை மோந்து பார்க்கவும் கூடாது. ஒருவர் போலீசாகவும் மற்றவர் திருடனாகவும் ஆகிவிட்டால் பிறகு ஒளித்துத்தான் சாப்பிடுவார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரை வைத்துச் செய்து 2010-ல் வெளியிட்ட ஆய்வில், இடையில் ஒரு நாள் தவறுவது பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. அதே ஆய்வில் ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர ஆகும் என்று கணக்கிட்ட நாட்களின் நடுமதிப்பு 66, ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. எனவே 29 நாளில் எல்லாம் மாறிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். போகியன்று இருவரும் உட்கார்ந்து, எந்த ஒன்றை மாசி முடியும்வரை நீட்டலாம் என்று மட்டும் பேசுங்கள். சமையல் முறையை நீட்டினால் எனக்கு மகிழ்ச்சி.

விருந்தாளி கேள்வி. கால் கிலோ சர்க்கரை தனியாக ஒரு சின்ன டப்பாவில், மேல் அலமாரியில் இருக்கட்டும். வருகிறவர்களுக்கு அவர்கள் குடிக்கிறபடியே காபி கொடுங்கள், பலகாரமும் அன்றைக்கு வேண்டிய அளவு வாங்குங்கள். மிஞ்சினால் அவர்கள் கிளம்பும்போதே கையில் கட்டிக் கொடுத்துவிடுங்கள். உங்கள் விரதத்தை அவர்களிடம் விளக்க வேண்டியதில்லை. பெற்றோர் யாராவது வந்து தங்கினால் மட்டும் சமையல் முறைச் சீட்டைக் காலண்டருக்குப் பக்கத்தில் அவர்கள் கண்ணில் படும்படி ஒட்டி வையுங்கள். உங்கள் முறை நாளில் 'நீ போய் உட்காருப்பா, அவ பார்த்துக்குவா' என்று அம்மா சொல்லக்கூடும். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான், உங்கள் மனைவி அல்ல.