வண்டி கேள்வி பதில்: டைமிங் செயினை வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி: என்னுடையது டீசல் பிக்அப் டிரக். காலையில் முதல் ஸ்டார்ட்டில் முன்பக்கம் இரண்டு மூன்று நொடி கடகடவென்று சத்தம் வந்து, அப்புறம் அடங்கிவிடுகிறது. டைமிங் செயின் லூஸ் என்கிறார்கள். பிரேக், கிளட்ச் வேலையெல்லாம் நானே செய்வேன். இதையும் வீட்டில் செய்யலாமா?

பதில்: டைமிங் செயின் என்பது பிஸ்டன்களோடு சுழலும் கிராங்க்கையும் வால்வுகளைத் திறக்கும் கேமையும் ஒத்துச் சுழல வைப்பது. செய்யலாம், ஆனால் செயின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பெரிய லாரி என்ஜின்களில் பெரும்பாலும் செயினே கிடையாது, கியர்தான். பிக்அப், சிறிய டிரக்குகளில் செயினோ பெல்ட்டோ இருக்கும். செயின் முன்பக்கம் இருந்தால் ரேடியேட்டர், ஃபேன், புல்லி எல்லாம் கழற்றி உள்ளே போய்விடலாம். சில என்ஜின்களில் அது கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது, அதற்கு கியர்பாக்ஸையோ என்ஜினையோ இறக்க வேண்டும். அந்த வகை என்றால் வீட்டு வேலை வேண்டாம் என்பேன்.

சத்தம் செயினுடையதுதானா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் பிரஷரில் வேலை செய்வது. ராத்திரி முழுக்க வண்டி நிற்கும்போது அதிலிருந்து ஆயில் இறங்கிவிடும், காலையில் பிரஷர் ஏறும் வரை ஸ்ப்ரிங் மட்டும்தான் செயினைப் பிடித்துக்கொண்டிருக்கும். செயின் தேய்ந்திருந்தால் அந்த இரண்டு மூன்று நொடியில் கைடில் (செயின் உரசி ஓடும் பட்டையில்) அடித்துச் சத்தம் போடும். ஆனால் வாட்டர் பம்ப் பேரிங்கும் வெளி பெல்ட்டின் டென்ஷனரும் கிட்டத்தட்ட இதே மாதிரி கத்தக்கூடியவை. வெளி பெல்ட்டைக் கழற்றிவிட்டு, குளிர்ந்த என்ஜினைச் சில நொடி மட்டும் ஓட்டிப் பாருங்கள். சத்தம் அப்படியே இருந்தால் சந்தேகம் செயின் மேல்தான். ஸ்கேனரில் பி0016 என்ற கோடு வந்தால், கிராங்க்கும் கேமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்று கம்ப்யூட்டரே சொல்கிறது. அதற்குப் பிறகு வண்டியை எடுக்காதீர்கள்.

கேள்வி: செயின் கிட் வாங்கிவிட்டேன். கவர் திறந்ததிலிருந்து மூடும் வரை எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: மேனுவல் இல்லாமல் கவரைத் திறக்காதீர்கள், ஒவ்வொரு என்ஜினுக்கும் டைமிங் மார்க்கும் டார்க் அளவும் (போல்ட்டை இறுக்கும் அளவு) வேறு. கிராங்க்கும் கேமும் நகராமல் பூட்டும் டைமிங் லாக் பின் செட்டும் டார்க் ரெஞ்சும் கட்டாயம். வண்டிக்குக் கீழே போகிறீர்கள் என்றால் ஸ்டாண்ட் போட்டுவிட்டுப் போங்கள், ஜாக்கியை மட்டும் நம்ப வேண்டாம்.

பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றுங்கள். டீசல் பைப்பைத் தொடுவதற்கு முன் மேனுவல் சொல்லும் நேரம் காத்திருங்கள். காமன் ரெயில் என்ஜின் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து டீசல் போகும் வகை) ஓடும்போது அந்தப் பைப்புக்குள் 1,600 பாருக்கு மேலும் பிரஷர் இருக்கும், கசிவு தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கழற்றிய பைப் வாய்களை உடனே மூடுங்கள், ஒரு மணல் துகள் போதும் இன்ஜெக்டர் கெட.

கிராங்க் புல்லி போல்ட்தான் முதல் சோதனை. அசையவே அசையாது. ஸ்டார்ட்டரை அடித்துத் தளர்த்தும் வித்தையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சில என்ஜின்களில் கிராங்க் ஸ்ப்ராக்கெட்டுக்கு (செயின் மாட்டும் பல் சக்கரம்) அது நழுவாமல் பிடிக்கும் சிறு இரும்புத் துண்டான ‘கீ’யே கிடையாது, அந்த ஒரு போல்ட்டின் இறுக்கத்தில்தான் நிற்கிறது, அதனால் லாக் பின் போடும் முன் போல்ட்டைத் தளர்த்தினால் டைமிங்கே போய்விடும். அதற்காக லாக் பின்னையே பிடிமானமாக வைத்து போல்ட்டை முறுக்கவும் கூடாது, பின் வளையும். புல்லியைப் பிடிக்கத் தனி டூல் இருக்கிறது. பழைய போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள், இந்த வகை போல்ட்டுகள் பெரும்பாலும் ஒருமுறை இழுபட்டதோடு சரி.

பழைய செயினைக் கழற்றியதும் கேமை வால்வு ஸ்ப்ரிங்குகள் தள்ளும், சட்டென்று சுழன்றுவிடலாம். லாக் பின் அதற்கும்தான். டென்ஷனர் இல்லாத நேரத்தில் கிராங்க்கை அசைக்கவே கூடாது. கைடுகளைக் கையில் எடுத்துப் பாருங்கள், முனை உடைந்திருந்தால் அந்தத் துண்டு எங்கே என்று தேடுங்கள். என்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பில்தான் கிடக்கும், ஆயில் சல்லடையை அடைக்கும். சம்ப்பைக் கழற்றாமல் மூடினால் பாதி வேலைதான்.

புதுச் செயினில் இரண்டு மூன்று இணைப்புகளுக்கு நிறம் அடித்திருப்பார்கள். அவை ஸ்ப்ராக்கெட் மார்க்குகளுக்கு நேராக உட்கார வேண்டும். ஒரு பல் தள்ளி மாட்டினால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கு: கிராங்க் ஸ்ப்ராக்கெட்டில் 20 பல் என்றால், ஒரு பல்லுக்கு 18 டிகிரி. டீசலில் கம்ப்ரஷன் அதிகம், பிஸ்டன் மேலே வரும்போது ஹெட்டுக்கும் அதற்கும் இடைவெளி மிகக் குறைவு. 18 டிகிரி வித்தியாசத்தில் வால்வு தட்டினாலும் ஆச்சரியமில்லை.

டென்ஷனரை மாட்டி, அதை அமுக்கிப் பிடித்திருக்கும் பின்னை உருவிவிட்டீர்களா என்று இரண்டு தடவை பாருங்கள். பின் உள்ளேயே இருந்தால் செயின் தளர்வாகவே ஓடும். அப்புறம் லாக் பின்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கிராங்க்கை ஸ்பேனரால், ஓடும் திசையில் மட்டும், முழுசாக இரண்டு சுற்று சுற்றுங்கள். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று. இந்த இடத்தில்தான் அவசரம் கூடாது. கம்ப்ரஷன் தடுப்பது வேறு: அழுத்திப் பிடித்தால் மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்கும், காற்று கசியும் சத்தமும் கேட்கும். இரும்பு இரும்பைத் தட்டுவது வேறு: டொக்கென்று நின்றுவிடும், அழுத்தினாலும் நகராது. அப்படி நின்றால் இன்னும் பலம் கொடுக்காமல், மார்க்கை மறுபடி சரிபாருங்கள். ஸ்டார்ட்டருக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

இரண்டு சுற்று முடிந்ததும் லாக் பின்கள் சிரமமில்லாமல் உள்ளே போக வேண்டும். நிறமடித்த இணைப்புகள் இப்போது மார்க்கில் இருக்காது, பலர் அதைப் பார்த்துப் பதறி மறுபடி எல்லாவற்றையும் கழற்றிவிடுகிறார்கள். அவை மாட்டும்போது மட்டும் உதவுகிற அடையாளம், திரும்ப அதே இடத்துக்கு வர நிறைய சுற்று ஆகும். பின் உட்காருகிறது என்றால் டைமிங் சரி.

கவருக்கு சிலிகான் மெல்லிய கோடாகப் போதும், அதிகமானால் பிதுங்கி சல்லடைக்குத்தான் போகும். கிராங்க் ஆயில் சீல் புதிது. ஆயில் ஊற்றி, சிலிகான் காய்ந்தபிறகு, இன்ஜெக்டர் கனெக்டர்களைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரை விட்டு விட்டு சுற்றுங்கள், ஆயில் லைட் அணைந்ததும் கனெக்டர்களை மாட்டி ஸ்டார்ட் செய்யலாம். முதல் தடவை கொஞ்சம் சலசலத்து அடங்கும், பரவாயில்லை.

கேள்வி: பழைய செயினை ஒரு இடத்தில் வெட்டி, அதன் நுனியில் புதுச் செயினைக் கோத்து இழுத்துவிட்டால் கவரையே திறக்க வேண்டாம் என்கிறார் தெரிந்த மெக்கானிக் ஒருவர். சரியா?

பதில்: பழைய மெர்சிடிஸ் டீசல்களில் இது வழக்கமான முறைதான், ரிவெட் போட்டு இணைக்கும் செயினுக்கு. மேனுவலில் அனுமதி இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் கைடும் ஸ்ப்ராக்கெட்டும் பழசாகவே இருக்கும். சத்தத்துக்குக் காரணம் உடைந்த கைடு என்றால் என்ன பிரயோஜனம்?

கேள்வி: ஓடும்போதே செயின் அறுந்து என்ஜின் நின்றுவிட்டது. புதுச் செயின் போட்டால் ஓடுமா?

பதில்: செயினுக்குக் காசு செலவழிப்பதற்கு முன் ஹெட்டைப் பாருங்கள். வால்வு வளைந்திருக்க வாய்ப்பு அதிகம், சில என்ஜின்களில் ராக்கர் (கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் கை) முதலில் உடைந்து வால்வைக் காப்பாற்றிவிடும். இன்ஜெக்டர் துளை வழியாகக் கேமரா விட்டு பிஸ்டன் தலையில் தழும்பு இருக்கிறதா என்று பார்க்கலாம். செல்ஃப் மட்டும் மறுபடி மறுபடி அடிக்காதீர்கள்.

கேள்வி: எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை செயின் மாற்றணும்?

பதில்: பெல்ட் மாதிரி இதற்குப் பெரும்பாலும் கணக்கு கொடுக்க மாட்டார்கள். செயின் நீளுகிறது என்பது இரும்பு இழுபடுவதல்ல, செயின் இணைப்புகளில் உள்ள ஒவ்வொரு பின்னும் கொஞ்சம் கொஞ்சம் தேய்வது. டீசல் ஆயிலில் சேரும் கரித்தூள்தான் தேய்க்கிறது, அதனால் ஆயிலைத் தள்ளிப்போடாமல் மாற்றுங்கள்.