சுருக்கம் எதில்: எழுத்திலா, பைட்டிலா?

கேள்வி: ஏ.பி.எல். என்ற நிரல்மொழியில் ஆறு குறிகளில் முடிவதற்கு ஜாவாவில் நாலைந்து வரி எழுத வேண்டியிருக்கிறது. பிறகு ஏன் எல்லாரும் ஏ.பி.எல்.லுக்கு மாறவில்லை?

பதில்: 1 முதல் 100 வரை கூட்ட, கென்னத் ஐவர்சன் வகுத்த அந்த மொழியில் +/ (எல்லாவற்றையும் கூட்டு) போட்டு, அயோட்டா குறியிட்டு (1 முதல் எண்வரிசை), 100 என்று எழுதினால் போதும், 5050 வந்துவிடும். ஆனால் அந்தக் குறிகளுக்குத் தனி விசைப்பலகை அமைப்பு வேண்டும். அதைவிடப் பெரிய தடை, வாசிப்பது. கணக்கு வலமிருந்து இடமாக நடக்கும். பெருக்கலுக்கு முன்னுரிமை கிடையாது. 2×3+4 என்றால் விடை 10 அல்ல, 14. கூட்டல் குறி இருக்கவேண்டிய இடத்தில் பெருக்கல் குறி விழுந்தாலும் பிழைச்செய்தி வராது. நூறு எண்களையும் பெருக்கிய விடை வந்து நிற்கும். அணிக்கணக்கு நாள்தோறும் போடுகிறவருக்கு இந்தச் சுருக்கம் பெரிய வசதி. பலர் கைமாறித் திருத்தும் நிரலுக்கு, பொருள் விளங்கப் பெயரிட்ட மாறிகளும் கூடுதல் வரிகளும்தான் நல்லது.

கேள்வி: தமிழில் ஓரிரு வரிதான் எழுதுகிறேன். குறுஞ்செய்தி இரண்டாக உடைகிறதே, ஏன்?

பதில்: ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட் (ஒரு பைட் என்பது 8 பிட்). ஆங்கில எழுத்துக்கு 7 பிட் என்பதால் 160 எழுத்து கொள்ளும். ஒரே ஒரு தமிழ் எழுத்து கலந்தாலும் செய்தி முழுவதும் குறிக்கு 16 பிட் என்று மாறி, வரம்பு 70 ஆகிவிடும். அதையும் தாண்டினால் துண்டுக்கு 67தான்; துண்டுகளை ஒட்டுவதற்கான தகவலே 6 பைட்டை எடுத்துக்கொள்கிறது.

அந்த 70உம் நாம் எண்ணும் எழுத்தல்ல. ‘தமிழ்’ நமக்கு மூன்றெழுத்து. கணினியில் எழுத்துக்குறிகளுக்கு எண் தரும் யுனிகோடிலோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து. அந்தக் குறிகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறைக் கோப்பில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 15. தரவுத்தளத்தில் பெயருக்கு 50 பைட் ஒதுக்கினால் 16 தமிழ்க் குறிகளுக்கு மேல் ஏறாது.

நிரல் எழுதுபவர்கள் இதில்தான் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். ‘தமிழ்’ என்பதன் நீளம், நாம் காணும் எழுத்தை எண்ணும் ஸ்விஃப்ட் மொழியில் 3, யுனிகோடு குறியை எண்ணும் பைத்தான் மொழியில் 5. பைத்தானில் முதல் நான்கோடு வெட்டினால் புள்ளி போய் ‘தமிழ’ என்று நிற்கும். வெட்டுமிடத்துக்கு அடுத்து புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால், அது இல்லாத இடம்வரை பின்னே வந்து வெட்டுங்கள். ‘கொ’வின் குறியை ஒன்றாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம், திரையில் வேறுபாடே தெரியாது, தேடினால் கிடைக்காது. சேமிக்கும்போதே எல்லாவற்றையும், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.